பக்கவாசல் எண்ணிக்கை

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தலையங்கம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் அவளுடைய அப்பா. காலையில் பேப்பர் வாசலில் விழுந்த சத்தம் கேட்டதும் பல்லைக்கூடத் துலக்காமல் ஓடிவந்து எடுப்பாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சினிமாப் பக்கம், விளையாட்டுப் பக்கம் என்று புரட்டும்போது இவள் நேராகத் தலையங்கத்துக்குப் போவாள். போனால் போகட்டும், அதைச் சத்தம் போட்டு வாசிப்பாள். வாசித்தாலும் பரவாயில்லை, வரிக்கு வரி நிறுத்தி, எழுதினவர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் அவரோடு சண்டை பிடிப்பாள்.

"யாரைக் கேட்டு இப்படி எழுதினாரு இந்த மனுஷன்? ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வரிசையில நின்னிருப்பாரா?"

முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் அப்பா, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுப் பதில் சொல்வார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் இந்த காலரோட மட்டும்தான் சண்டை போட்டுட்டிருக்கேன்."

அவளுக்கு அம்மா இல்லை. போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மாடி வீட்டில் அம்மாவின் தங்கை, சித்தி. சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தரம் வந்து பெட்டியைத் திறந்து மூடிவிட்டுப் போகிற மனிதர். ஆகவே தலைபின்னிவிட்டது, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டது, பரீட்சைக்குப் போகும்போது பேனா எடுத்தாயா என்று படியில் நின்று கத்தினது எல்லாம் சித்திதான். தெருக்கோடியில் இருக்கும் அரசு மருத்துவ நிலையத்தில் பதினெட்டு வருஷமாக நர்ஸ்.

அந்த நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. மொத்தம் மூன்று அறை. முன்னறையில் பெஞ்சுகளும் டோக்கன் கொடுக்கும் ஜன்னலும். நடு அறையில் டாக்டர். பின்னால் மருந்தும் பஞ்சும் அடுக்கிய அறை, அதற்குச் சந்துப் பக்கமாக ஒரு வாசல். டாக்டர் பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடுவார். சட்டம் என்ன சொல்கிறது என்றால், யார் வந்தாலும் டோக்கன் வாங்க வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் சீட்டில் எழுதிய பிறகுதான் ஊசியோ கட்டோ. புண்ணுக்கு நேற்றுப் போட்ட கட்டைப் பிரித்து இன்று புதுக் கட்டுப் போடவும் அதே வரிசைதான். சித்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொடையில் கட்டோடு வந்த ஒரு மூட்டை தூக்குகிறவர் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, முறை வரும்போது டாக்டர் எழுந்து போய்விட்டாராம். மனிதர் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சித்திக்கு வந்ததே கோபம்!

"பிரிச்ச கட்டைத் திருப்பிக் கட்டறதுக்கு டாக்டர் எதுக்கு? எனக்கென்ன கையில்லையா?"

மறுநாளிலிருந்து காலை ஏழரைக்கே சந்துப் பக்கத்து வாசலைத் திறந்து வைத்தாள். கட்டு மாற்ற, சுகர் பார்க்க, பிரஷர் பார்க்க, பழைய சீட்டுக்கு ஊசி போட வருகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாக வந்து, மரப் பெட்டிமேல் உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்து பிழைப்புக்குப் போய்விடுவார்கள். டோக்கன் கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது. யாருக்கு எந்த விரலில் புண், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் சித்தி மனப்பாடம். புண்ணின் நிறம் மாறினால் மட்டும், "நீ இன்னைக்கு முன்பக்கம் போ, டாக்டர் பாக்கணும்" என்று அனுப்புவாள். டாக்டருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார். தெருவில் இவர்களுக்குப் பக்கவாசல் ஆட்கள் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தார். பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் முன்னறையில் எட்டே பேர், தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. மனிதர் சொக்கிப்போய், கூட்டத்தைச் சிறப்பாகக் கையாளும் நிலையம் என்று சான்றிதழ் அனுப்பிவைத்தார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டாக்டர் தலைக்குமேல் மாட்டியிருந்தார்கள். முன்னறையில் கூட்டம் குறைவாக இருப்பதே ஒரு நாள் நிலையத்தின் தலைக்கு வரும் என்று யார் கண்டது?

அப்பாவும் ஆறு மாதமாகப் பக்கவாசல் ஆள். மெஷின் மிதியின் இரும்பு விளிம்பு வலது காலின் இரண்டாவது விரலில் கிழித்துவிட்டது. சுகர் உடம்பு, ஆறவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும், நாள் தவறினால் விரல் தங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் என்ன, ஐந்து நிமிஷ நடை. அப்பா காலை எட்டுக்குப் போய் எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்துவிடுவார். இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டார். "என் மச்சினிச்சி கைபட்டா புண்ணுக்கே வெக்கமா இருக்கு" என்று கேலி வேறு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று, ஒரு நாள் பிழைப்பு போச்சு. அந்த மூன்று அறை இருக்கிறவரைக்கும் அந்த விரல் இருக்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வருஷம் நாட்டில் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. நாளொன்றுக்கு நாற்பது பேருக்குக் குறைவாகப் பார்க்கும் சிறு நிலையங்களை மூடி, பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்துவிடலாமா என்று அரசாங்கம் யோசித்தது. டிவியில் நான்கு கட்டத்தில் நான்கு தலைகள் ஒரே நேரத்தில் கத்தின. ஒருவர் செயல்திறன் என்றார், ஒருவர் சமூகநீதி என்றார், நடுவில் இருந்தவர் விளம்பர இடைவேளை என்றார். தலையங்கத்துக்கு இதெல்லாம் தேன். கல்லூரியில் பொது நிர்வாகம் இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டில் இதே தலைப்பில் பட்டிமன்றம் நடந்தபோது, இணைப்பை ஆதரிக்கும் அணியில் சீட்டு விழுந்து, பொளந்துகட்டிப் பேசிக் கோப்பை வாங்கினவள் அவள். சிதறிக் கிடக்கும் வசதிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் ஏழைக்கும் நிபுணர் கிடைப்பார் என்று அவள் சொன்னபோது முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினது யார்? சித்திதான். சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

அந்தக் கோப்பை டிவி மேல் இருந்தது. ஆனால் அப்பாவின் காலுக்குப் பிறகு அவளுடைய எண்ணம் மாறிக்கொண்டு வந்தது. பேப்பரில் "பயனாளிகள்" என்று வரும் இடத்தில் எல்லாம் மரப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் முகங்களை வைத்துப் பார்த்தாள். வாக்கியம் நொண்டியது. ஒரே கூரை சரி, அந்தக் கூரைக்குக் காலில் புண்ணோடு எப்படிப் போய்ச் சேருவது என்று எந்தத் தலையங்கமும் கேட்கவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர் என்று பெயர். மாணவர்கள் பேசும்போது குறுக்கே பேசமாட்டார், தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். அரசாங்கம் போட்ட நிபுணர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

"நிலையங்களுக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு நேர்ல உக்காந்து எண்ணணும்மா. உங்க தெருவுலயே ஒண்ணு இருக்குன்னு சொன்னியே. நீ பண்றியா?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் நேர்மையான பெண், மறைக்கவில்லை. டோக்கனை மட்டும் எண்ணினால் பாதிதான் வரும், மீதிப் பேர் பக்கவாசலில் வருகிறார்கள், அவர்களுக்குப் பதிவே இல்லை, அப்பாவின் விரலே அதனால்தான் தங்கியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பேராசிரியர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அருமை! இதைத்தான் நாங்க தேடிட்டிருக்கோம். கணக்குல வராத மக்கள். ரெண்டு பட்டியலா போடு. ரெண்டும் அறிக்கையில வரும்."

"சித்திக்கு ஒண்ணும் ஆகக் கூடாது சார்."

"யார் பேரும் வராது. நான் இருக்கேன்ல? என்னை நம்பு."

என்னை நம்பு! இந்த இரண்டு வார்த்தைக்கு எத்தனை பேர் கவிழ்ந்திருக்கிறார்கள். இவள் எந்த மூலைக்கு?

சித்தி லேசில் சம்மதிக்கவில்லை. மாடியில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "முன்பக்கத்தை எண்ணிக்கோ. பக்கவாசலை எதுக்குடி எழுதறே? எழுதாம இருந்ததாலதான் அது பதினெட்டு வருஷமா நடக்குது."

"எழுதலைன்னா மூடிடுவாங்க சித்தி. டோக்கன் கணக்குல நீங்க முப்பது பேர்தான் பாக்கறீங்க. அவங்க நாற்பது கேக்கறாங்க. பக்கவாசலையும் சேத்தா தொண்ணூறு வரும். யாராலயும் கை வைக்க முடியாது."

"சட்டப்படி அது தப்புடி."

"சார் சொல்லிட்டாரு, பேரு வராது. அவரு அந்த மாதிரி ஆள் இல்ல."

சித்தி ஒரு சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். "அவரை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். உனக்காக ஒத்துக்கறேன்" என்றாள்.

மூன்று வாரம் தலையங்கம் காலை ஏழரைக்கு நோட்டும் பென்சிலுமாக மருந்தறை மூலையில் உட்கார்ந்தாள். பக்கவாசல் ஆட்களுக்கு முதலில் கூச்சம். அப்புறம் பழகிவிட்டார்கள். முழங்கையில் தீக்காயத்தோடு வரும் பழக்கடைக்காரி ஒரு பெண், வாயாடி, தினமும் உள்ளே வரும்போதே, "என்னை ரெண்டா எழுதிக்கோடி, நான் ரெண்டு ஆள் எடை இருக்கேன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். இது நிலையத்தைக் காப்பாற்றுகிற கணக்கு என்று அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னாள். அதனால் வராதவர்கள்கூட வந்து எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. ஊசியோ கட்டோ உண்டென்றால்தான் ஒரு கோடு. முடிவில் சராசரி: முன்பக்கம் முப்பத்தொன்று, பக்கவாசல் ஐம்பத்தெட்டு. கூட்டினால் எண்பத்தொன்பது. இரண்டாவது பட்டியலுக்கு, "டோக்கன் இல்லாமல் சிகிச்சை பெறுவோர்" என்று தலைப்புக் கொடுத்து, கீழே ஏன் இப்படி நடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தாள். மூட்டை தூக்குகிறவரின் கதையையும் விடவில்லை.

நான்கு மாதம் கழித்து அறிக்கை அச்சாகி வந்தது. அவளுக்கு ஒரு பிரதி தபாலில். முதலில் பிரித்தவர் அப்பா. நன்றி தெரிவிக்கும் பக்கத்தில் மகளின் பெயரைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், மெஷினை அப்படியே விட்டுவிட்டு, அளவு கொடுக்க வந்தவர்களிடம் எல்லாம் நீட்டிக் காட்டினார். "பாருங்க, அச்சுல! என் பொண்ணு!"

அவள் வாங்கி உள்ளே புரட்டினாள். தங்கள் தெரு நிலையம் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. தினசரி நோயாளிகள்: முப்பத்தொன்று. பரிந்துரை: இணைக்கலாம். ஐம்பத்தெட்டு எங்கே? தேடினாள். போட்டிருந்தார்கள், போடாமல் இல்லை. அறுபத்தோராம் பக்கத்தில், "நிர்வாக ஒழுங்கீனங்கள்" என்ற அத்தியாயத்தில் இருந்தது. "பதிவின்றிச் செய்யப்பட்ட சிகிச்சைகள்: நாளொன்றுக்கு ஐம்பத்தெட்டு. மருத்துவர் பார்வையின்றி ஒரே செவிலியரால்." நிலையத்தில் இருப்பதே ஒரே செவிலியர். பெயர் போடவில்லையாம்! அவள் எழுதிய ஒரு பக்க விளக்கத்தில் ஒரு வரிகூட எங்கும் இல்லை.

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் கொடுத்த ஒரு கணக்கையே இரண்டாக அறுத்து, ஒரு பாதியால் நிலையத்தையும் மறு பாதியால் சித்தியையும் குத்தியிருந்தார்கள். அப்பா இன்னும் வாசலில் யாரிடமோ பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

பேராசிரியரின் அறை மாறவில்லை. அதே மேசை, அதே சாய்ந்த தலை. அவள் அறிக்கையை விரித்து அவர் முன்னால் போட்டாள்.

"என்ன சார் இது?"

"ஏம்மா? நீ குடுத்த எண்ணு தானே? ஒரு எண்ணைக்கூட நான் மாத்தலையே."

"இது ஒழுங்கீனம்னு நான் எங்க சார் எழுதினேன்?"

"தலைப்பை மட்டும்தான் மாத்தினேன். பதிவு இல்லாத சிகிச்சையை நோயாளி எண்ணிக்கையில சேக்க முடியாதுன்னு குழுவுல சொன்னாங்க. வேற எங்கயாவது சேத்துத்தானே ஆகணும். உன் உழைப்பு வீணாகக் கூடாதுன்னு நான் போராடி அதை உள்ள கொண்டுவந்தேன் தெரியுமா?"

"அந்தப் பக்கவாசலை மூடினா எங்க அப்பா விரல் போயிடும் சார். நான் உங்ககிட்ட சொன்னேன். அதுக்காகத்தான் எண்ணினேன்னு சொன்னேன்."

"தனிப்பட்ட உணர்ச்சியை ஆய்வுல கலக்கக் கூடாதும்மா. நாட்டுக்குன்னு பாக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இன்னும் மெதுவாக்கினார். "மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கப்போறே இல்ல? நான் நல்லா எழுதித் தர்றேன். இந்த அறிக்கையில உன் பேர் இருக்கறது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு இப்ப புரியாது."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அதில் கழுத்தறுப்பதைவிட மோசமானது அறுத்த பிறகு முதுகைத் தடவிக்கொடுப்பது. அவள் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினாள். வாய்விட்டுக்கூடத் திட்டினாள், எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். இத்தனை வருஷம் சத்தம் போட்டு வாசித்த தலையங்கங்களில் வரும் எண்கள் எல்லாம் இப்படி யாரோ ஒரு அப்பாவி பென்சிலால் போட்ட கோடுகள்தானா, யார் மேலே என்ன தலைப்பை ஒட்டினார்களோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தியிடம் அன்றே சொன்னாள். சித்தி சாம்பார்க் கரண்டியோ புத்தகமோ எதையும் வீசவில்லை. அறுபத்தோராம் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "ஐம்பத்தெட்டா? நான் நாற்பதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அறிக்கையை மூடி அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நகர மண்டபத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. மக்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் முடிவாம். தெருவே திரண்டு போனது. சித்தி மட்டும் வரவில்லை, விளக்கம் கேட்டு அவளுக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது, கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது. மேடையில் நான்கு நாற்காலி, ஒன்றில் பேராசிரியர். ஆளுக்கு இரண்டு நிமிஷம். தலையங்கம் மைக்கைப் பிடித்தாள். பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கின குரல் எங்கே போயிற்றோ. ஆனாலும் சொன்னாள். முப்பத்தொன்று இல்லை, எண்பத்தொன்பது. எண்ணினவள் நான். என் கணக்கை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

பேராசிரியர் புன்னகையோடு எழுந்தார். "இந்தப் பெண் என் மாணவி. நிலையத்துக்குப் பக்கத்துலயே வளர்ந்தவங்க. அவங்களே நேர்ல உக்காந்து சேகரிச்ச தகவலைத்தான் நாங்க பயன்படுத்தியிருக்கோம். பதிவில்லாம நடந்த சிகிச்சைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே அவங்கதான். அவங்க துணிச்சலைப் பாராட்டணும்."

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மண்டபத்தில் யாரும் தட்டவில்லை. தெரு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. பழக்கடைக்காரி, தழும்பு விழுந்த முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வரிசையிலிருந்து கேட்டாள்.

"பென்சிலும் கையுமா உக்காந்திருந்தியே, இதுக்குத்தானா?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல. அவர் என்னை ஏமாத்திட்டாரு."

"உன்னை அவரு ஏமாத்தினாரு. எங்களை?"

இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள்.

அடுத்த மாதம் நிலையத்தை மூடினார்கள். பெஞ்சுகளை வண்டியில் ஏற்றினார்கள், சான்றிதழையும் ஏற்றினார்கள். பக்கவாசலுக்குக் குறுக்கே பலகை அடித்தார்கள். சித்தியை வேலையிலிருந்து எடுக்கவில்லை, பெரிய மனது பண்ணிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நோயாளியைத் தொடும் வேலை கிடையாது. பதிவு ஜன்னலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றி டோக்கன் கொடுக்க வேண்டும். காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் இருட்டி வருவாள். மாடிப் படியில் எதிர்ப்பட்டால், "சாப்டியா?" என்பாள். அந்த ஒரு வார்த்தையோடு சரி. பக்கத்தில் நின்று தலையைத் தொட்ட கை இப்போது பையைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் இரண்டு வாரம் அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற காலம், ஒரு நாளை விட்டால் வாடிக்கை போய்விடும். சித்தியிடம் வீட்டிலேயே கட்டு மாற்றிவிடக் கேட்கலாமே என்று அவள் சொன்னபோது அப்பாவின் முகம் முதல் தடவையாகக் கடுகடுத்தது. "அவ மேல விசாரணை நடக்குது. ஆஸ்பத்திரிக்கு வெளிய பஞ்சைத் தொட்டான்னு எவனாவது எழுதினா வேலை போயிடும். போதும், இந்த வீட்டுல எழுதினது போதும்." தலையங்கமே வாங்கி வந்த பஞ்சை வைத்துக் கட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கட்டத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் விரல் நுனி கறுத்து, பக்கத்து விரலும் நிறம் மாற ஆரம்பித்தது.

அன்று அதிகாலையில் கிளம்பினார்கள். இரண்டு பஸ். பெரிய ஆஸ்பத்திரியின் கூடம் ரயில் நிலையம் மாதிரி நீளம். பதிவுக்கு ஐந்து ஜன்னல், மூன்றில் ஆள் இல்லை. ஒன்றரை மணி நேரம் நின்று போய்ச் சேர்ந்தால், கண்ணாடிக்குப் பின்னால் சித்தி. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். கண் முதலில் கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் காலைத்தான் தேடியது. ஜன்னல் திட்டு உயரம், கால் தெரியவில்லை. மூக்கு மட்டும் ஒரு தரம் விரிந்தது. பதினெட்டு வருஷ நர்ஸுக்கு அந்த வாடை தெரியாதா?

"நோயாளி பேர்?"

அப்பா சிரித்தார். "ஏம்மா, என் பேர் உனக்குத் தெரியாதா?"

"கேட்டுத்தான் ஆகணும் அத்தான்."

பெயர் சொன்னார். வயசு சொன்னார். தெரு சொன்னார், சித்தியும் அதே தெருதான். என்ன உபாதை, எத்தனை நாளாக என்று சித்தி கேட்டாள், அப்பா சொன்னார், விசைகள் டக்டக்கென்று விழுந்தன. ஒரு வருஷம் அந்த விரலைத் தன் மடியில் வைத்துக் கட்டினவள் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு எழுதினாள்.

"கூட வந்தவங்க?"

தலையங்கம் கண்ணாடிக்கு அருகில் வந்தாள். "சித்தி…"

மேற்பார்வையாளர் குனிந்து திரையைப் பார்த்தார். சித்தி விசையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நோயாளிக்கு என்ன உறவுன்னு சொல்லுங்க."

"மகள்."

"இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கண்ணாடிக்குக் கீழ் இருந்த ஓட்டை வழியாக டோக்கன் வந்தது. இருநூற்றுப் பதினான்கு. சித்தி அவளைத் தாண்டி, "அடுத்தவங்க வாங்க" என்றாள். குரல் பிசிறியது. ஆனால் அடுத்தவர் அதற்குள் வந்து நின்றுவிட்டார்.

கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஒரு மூலையில் சுவரோரம் கிடைத்த இடத்தில் அப்பாவை உட்காரவைத்து, தன் பையின்மேல் அவர் காலைத் தூக்கி வைத்தாள். கல்லூரிப் பை. உள்ளே அந்த மூன்று வாரத்து நோட்டு இன்னும் இருந்தது, எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மேலே பலகையில் சிவப்பு எழுத்தில் எண் மாறியது. முப்பத்தெட்டு.

அப்பா டோக்கனைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசித்தார். அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை, கேலி பண்ணாமல் இருக்கவும் தெரியாது.

"ஒரு வருஷமா உங்க சித்தி எனக்கு ஒரு நம்பர் குடுத்ததில்ல. இன்னைக்குத்தான் நானும் ஒரு ஆள்னு கணக்குல வந்திருக்கேன்." அவள் தோளை லேசாக இடித்தார். "என்ன தலையங்கம், பென்சில் கொண்டுவரலையா? எழுதிக்கோ."